எதிராளி வீட்டு வாசல்

கோழிக்கடை அக்காவுக்கும் குமட்டும் என்று சொன்னால் அந்தத் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கோழி வயிற்றுக்குள் கையை விட்டுக் குடலை உருவுகிறவள். காலையில் லாரி வந்து கூண்டுகளை இறக்கும்போது கிளம்பும் நாற்றத்தில், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மறுநாளே காணாமல் போவார்கள். அக்கா அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலேயே குந்தி, டீயில் ரொட்டியை முக்கித் தின்பாள். கொதிக்கிற அண்டாவில் கோழியை முக்கி எடுத்து இறகைப் பிடுங்கினால், ஈர இறகு முழங்கை வரை ஒட்டிக்கொள்ளும். வயிற்றைக் கீறி, பித்தப்பை உடையாமல் ஈரலை எடுத்துத் தனியாகப் போடுவாள். பித்தம் உடைந்தால் கறி முழுக்கக் கசக்கும். அவள் கையில் அது உடைந்ததே கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு முதன்முதலில் குமட்டியது ஆஸ்பத்திரியில்.

அவளுடைய ஒரே மகனுக்குத் தெருவில் வாத்து என்று பெயர். சின்ன வயதில் ஆடி ஆடி நடந்ததால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு வருஷமாக ஷோக்கு என்பவனோடு சுற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பாலத்தின் மேல் வைத்துத் தொடையில் கத்தியால் கிழித்துவிட்டார்கள் என்று மத்தியானம் கடைக்குச் செய்தி வந்தது. அக்கா கைகூடக் கழுவாமல் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

"யாருடா?" என்றாள்.

"தெரியல."

"மூஞ்சிக்கு நேரா வந்து கிழிச்சிருக்கான். தெரியலையா?"

"போலீஸ்ல கேட்டாலும் தெரியலன்னுதான் சொல்வேன். நீ சும்மா இரும்மா. அண்ணன் பாத்துக்கும்."

அண்ணன் என்றால் ஷோக்கு. நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பொழுது சாயும் நேரத்துக்கு நாலு பையன்களோடு வார்டுக்குள் வந்தான். அவன் வருவதற்கு முன்னால் அவன் பூசியிருந்த சென்ட் வந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாடை, பக்கத்துக் கட்டில் கிழவரின் மூத்திர வாடை, தன் சேலையிலிருந்த கோழி வாடை, இதெல்லாம் அக்காவை ஒன்றும் செய்யவில்லை. அந்த சென்ட் மூக்கில் ஏறியதும் தொண்டைக்குள் புளிப்பாக என்னவோ மேலே வந்தது.

அக்காவின் புருஷன் ஒரு குடோனில் வாட்ச்மேன். ஷோக்கைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்துப் போட்டார். "உக்காருங்க தம்பி, உக்காருங்க" என்றார். பெற்ற பிள்ளை கட்டிலில் கிடக்கும்போது அந்த மனிதருக்கு முகமெல்லாம் பல்.

ஷோக்கு உட்காரவில்லை. வாத்தின் தலைமுடியைக் கோதினான். "சிங்கக்குட்டிடா நீ. கத்தல, ஓடல. பாலத்துக்கு அந்தப் பக்கமே உன்னப் பத்திதான் பேச்சு. நீ எந்திரிச்சு நில்லு. உன் கையாலயே முடிக்கிறோம்."

அக்கா மகனின் முகத்தைப் பார்த்தாள். வலியில் வெளிறிக் கிடந்த முகம் அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்படியே மலர்ந்தது. பத்து மாதம் சுமந்து, பதினேழு வருஷம் சோறு போட்டு, ஒருநாளும் அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. நேராக வராந்தாவின் கோடிக்குப் போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

தலையைத் தூக்கியபோது ஒரு ஆள் தம்ளரில் தண்ணீரோடு நின்றான். பாலத்து முனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு காலத்தில் ஷோக்கின் வலது கையாக இருந்து, ஒருவனைக் குத்திவிட்டு ஜெயிலுக்குப் போய்வந்தவன். இப்போது அவனும், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கும் பெரிய உடம்புக்காரியும், இன்னும் ஓரிரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, எங்கே வெட்டுக்குத்து நடந்தாலும் பழிக்குப் பழி நடக்கவிடாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். சமாதானக் கோஷ்டி என்று தெருவில் நக்கலடிப்பார்கள்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லட்டுமா?"

"நீ என்னடா சொல்லப்போற? நீயும் அவன் எச்சில் சோறு தின்னவன்தானே?"

"தின்னவன்தான். அதனாலதான் சொல்றேன். தையல் பிரிக்கிற வரைக்கும் உங்க பையன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. வேற எங்கயாவது வச்சிருங்க. சூட்டோட சூடா ஏத்தி விடுவானுங்க. கொஞ்ச நாள் தள்ளிப்போச்சுன்னா பாதி வெறி தானா இறங்கிடும். அந்தப் பக்கத்துப் பையனையும் நாங்க பாத்துக்கறோம்."

"அந்தப் பக்கத்துப் பையனையா? என் புள்ளையக் கிழிச்சவனையா? அவனுக்கும் பாலூத்தி வளக்கறீங்களா?"

"அவனுக்குப் பதினாறு வயசுதான்க்கா. பேரு குருவி. பேக்கரியில தட்டு கழுவுற அம்மா இருக்காங்கல்ல, அவங்க பையன். அந்தப் பக்கத்து அண்ணன் கையில கத்தியக் குடுத்துப் போடான்னான். போயிருக்கான்."

அக்கா தம்ளரைத் தட்டிவிட்டாள். "ஒருத்தன் குத்தச் சொல்றான், ஒருத்தன் தண்ணி குடுக்கிறான். ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறினவங்கதான். போடா அந்தப் பக்கம்."

அவன் உருண்டுபோன தம்ளரை எடுத்துக் கழுவிக் குழாய் மேல் கவிழ்த்துவிட்டுப் போனான்.

ஆனாலும் அவன் சொன்னது மனசில் உறுத்திக்கொண்டேயிருந்தது. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அக்கா தன் அண்ணனுக்கு போன் போட்டாள். கொஞ்ச நாள் பையனை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"எப்படிம்மா? எங்க வீட்ல வயசுப்பொண்ணு இருக்கா. நாளைக்கு அவனுங்க இங்க தேடி வந்தா? நீ தப்பா நினைக்காத" என்றான் அண்ணன். பின்னாலிருந்து அண்ணி எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

வேறு வழியில்லாமல் வீட்டுக்கே கூட்டிவந்தாள். தெருவுக்குள் ஆட்டோ நுழைந்ததும் நடந்த கூத்துதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எப்போதும் ஓரமாக நிற்கச் சொல்லிக் காய் போடும் கடைக்காரன் எழுந்து வந்து, "தம்பி எப்படியிருக்கு அக்கா? எது வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றான். தண்ணீர்க் குழாயில் பெண்கள் விலகி வழி விட்டார்கள். கோழி நாற்றம் என்று முகத்தைச் சுளித்தவர்களெல்லாம் பக்கத்தில் வந்து நின்று பேசினார்கள். அந்த மரியாதை உடம்பில் ஒட்டிய எச்சில் மாதிரி இருந்தது. வீட்டுக்குள் போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

புருஷனுக்கோ அது தேனாக இனித்தது. டீக்கடையில் "வாத்தோட அப்பா" என்று பெஞ்சில் இடம் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"இத்தன வருஷம் என்னை எவன் மதிச்சான்? இன்னிக்கி எழுந்து நிக்கிறானுங்கடி."

"உம் புள்ள தொடையக் கிழிச்சுக்கிட்டு வந்ததுக்கு உனக்கு பெஞ்சா? வெக்கமா இல்லை?"

"ஆம்பளப் புள்ளைனா அப்படித்தான் இருக்கும். கோழி அறுக்கிறவளுக்கு என்ன தெரியும்?"

அக்கா அவருக்கு வைத்திருந்த ஈரல் வறுவலை எடுத்துச் சட்டியோடு நாய்க்குப் போட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை நிரம்பி வாசல் வரை வந்தது. அந்த ஈரத்திலும் ஷோக்கின் பையன்கள் தினமும் வந்து வாத்தின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் ஆக்கி வைத்த சோற்றையும் முட்டையையும் தின்றுவிட்டு, "அம்மா கைப்பக்குவமே தனி" என்றார்கள். அவள் உள்ளே போனதும் குசுகுசுவென்று பேச்சு. அவள் வந்ததும் நின்றுவிடும்.

அந்த வாரத்தில் ஒருநாள், ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கோழி வெட்டிக் கொடுக்கக் கடையிலிருந்து அவளை அனுப்பினார்கள். சமையல்கட்டில் உட்கார்ந்து மூட்டை மூட்டையாகத் தொடையும் நெஞ்சும் பிரித்துப் போட்டாள். வேலை முடிந்து, பின்வாசல் வழியாகக் கிளம்பும்போது பந்தி நடந்துகொண்டிருந்தது. அந்த சென்ட் வாடை வந்தது. திரும்பிப் பார்த்தாள். ஷோக்கு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச, பாலத்துக்கு அந்தப் பக்கத்து அண்ணன். ஷோக்கு தன் தட்டிலிருந்த ஒரு தொடையை எடுத்து அவன் தட்டில் வைத்தான். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைத்தான். பிறகு ரெண்டு பேரும் சிரித்தார்கள். உதட்டோரம் எண்ணெய் வழிந்தது.

பரிமாறிக்கொண்டிருந்தவனிடம் அக்கா, "இவங்க ரெண்டு பேரும் எதிரிங்கன்னு சொல்றாங்களே?" என்று கேட்டாள்.

"எதிரியா? லாரி ஷெட்டை ரெண்டு பேரும் கூட்டாத்தானே எடுத்திருக்காங்க. பசங்கதான் அடிச்சுக்குவானுங்க. பசங்க அடிச்சுக்கிட்டாத்தானே ஊர்ல இவங்களுக்குப் பயம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் வாளியோடு போய்விட்டான்.

தான் வெட்டிக் கொடுத்த கறி. அதைத்தான் அவர்கள் மென்றுகொண்டிருந்தார்கள். அக்காவுக்குத் தன் கைமேலேயே அருவருப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் பார்த்ததைச் சொன்னாள். அவன் குதிப்பான், கோபப்படுவான், அழுவான் என்று நினைத்தாள். அவன் போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"அது பிசினஸ்மா."

"எதுடா பிசினஸ்? உன் தொடையா?"

"உனக்குப் புரியாதும்மா. பெரியவங்க லெவல் வேற. எங்க பிரச்சினை வேற. குருவி என்னைத் தொட்டுட்டான். நான் அவனைத் தொடலைன்னா என்னை எவனும் ஆளா மதிக்க மாட்டான்."

"அப்போ நான் உனக்கு ஆளா தெரியலையா? நான் மதிக்கறது மதிப்பில்லையா?"

வாத்து வாசலில் பைக் சத்தம் கேட்டதும் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான்.

சனிக்கிழமை கடையில் வேலைக்கு உட்கார்ந்தபோது, பையில் அவளுடைய சின்னக் கத்தி இல்லை. குடல் கீறுகிற கத்தி. பிடி வழுக்காமலிருக்க அவளே சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தாள். பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். எங்கே போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் வீட்டுச் சமையல்கட்டிலிருந்தபோது, "ஞாயித்துக்கிழமை மத்தியானம், பேக்கரி லீவு, அம்மாவோட வீட்லதான் இருப்பான்" என்று ஷோக்கின் பையன்களில் ஒருவன் சொன்னது காதில் விழுந்திருந்தது. அப்போது புரியாதது இப்போது புரிந்தது.

பாதிக் கோழியை அப்படியே போட்டுவிட்டுப் பஞ்சர் கடைக்குப் போனாள். அவன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். ஸ்கூல் ஆயாவும் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ அன்னிக்கி சொன்னியே. இப்ப எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு அவனை" என்றாள் அக்கா.

"இப்ப வரமாட்டான்க்கா. நேத்தும் போய்ப் பேசினேன். மூஞ்சில துப்பாத குறை" என்றான் அவன்.

"நாளைக்கி மத்தியானம்."

"தெரியும். நாங்க அந்தப் பையன் வீட்டு வாசல்ல போய் உக்காந்துக்கறோம். எங்களால முடிஞ்சது அதுதான்."

"குருவிய வெளியூர் அனுப்பலாம்னு பாத்தோம்" என்றாள் ஆயா. "அந்தப் பக்கத்து அண்ணன் விடமாட்டேங்கறான். ஓடிப்போனா பேரு கெட்டுடுமாம். போலீஸுக்கும் சொல்லி வச்சிருக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம் வருவாங்க."

"உங்களைத் தள்ளிவிட்டுட்டு உள்ள போயிடுவானுங்க. நான் உக்காந்தா?" என்றாள் அக்கா.

ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களால முடியுமாக்கா? அது உங்க பையனைக் கிழிச்சவன் வீடு" என்றான் பஞ்சர்க்காரன்.

"முடியாது. நினைச்சாலே குமட்டுது. ஆனா உக்காருவேன்."

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்றாவது சந்தில் குருவியின் அம்மா பேக்கரிக்காரம்மாவின் வீடு. ஒற்றை அறை, முன்னால் ரெண்டு படி. அக்கா போய்ப் படியில் உட்கார்ந்தாள். பஞ்சர்க்காரனும் ஆயாவும் எதிர்ச்சுவர் நிழலில் நின்றார்கள். பேக்கரிக்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு வெலவெலத்துப்போனாள்.

"நீங்க..."

"வாத்தோட அம்மா. உள்ள போய்க் கதவைச் சாத்திக்க. நான் இங்கதான் இருப்பேன்."

"அக்கா, உங்க காலில விழறேன். என் புள்ள பண்ணது..."

"விழாத. எனக்கு உன்மேல இரக்கம் கிடையாது. உன் புள்ள மேலயும் கிடையாது. என் புள்ள கொலைகாரனாகக்கூடாது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து ஒரு கை தண்ணீர்ச் சொம்பை நீட்டியது. மெலிந்த கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. குருவி. கதவிடுக்கில் தெரிந்த முகத்தில் மீசைகூட முளைக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும், மகனின் தொடையில் வரிசையாகப் போட்டிருந்த தையல் கண்ணுக்குள் வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொம்பு கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு உள்ளே போனது.

சந்து மொத்தமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில் பைக்குகள் வந்தன. மூன்று பைக். வாத்து நடு பைக்கை ஓட்டியவன் பின்னால், காலை நீட்டி வைத்தபடி. ஷோக்கு தன் பைக்கைச் சந்து முனையிலேயே நிறுத்திக்கொண்டான். பையன்கள் முன்னால் வந்து, படியில் இருப்பது யார் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். அவள் சோற்றைத் தின்றவர்கள். ஒருவனும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"வாத்து, உங்கம்மாவ எழுப்புடா" என்று ஷோக்கு முனையிலிருந்தே சத்தம் போட்டான்.

வாத்து நொண்டி நொண்டி வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"எந்திரிம்மா. மானத்த வாங்காத."

"எந்திரிக்க மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா!"

"பாக்கட்டும். தூக்கி ரோட்ல போட்டுட்டு உள்ள போ. பெத்தவள இழுத்துப் போட்டவன்னு பேரெடு. அதுக்கும் உங்கப்பாவுக்கு ஒரு பெஞ்சு குடுப்பாங்க."

அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் இழுத்தான். தையல் தெறித்து, பேன்ட்டில் ரத்தம் இறங்கியது. அப்போது கதவு திறந்தது. பேக்கரிக்காரம்மா வந்து அக்காவை ஒட்டி அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆயா வந்து கீழ்ப்படியில் தன் பெரிய உடம்பை இறக்கினாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஷோக்குக்குப் பொறுக்கவில்லை. பைக்கை விட்டு இறங்கி வந்தான். நாலடி தள்ளியே நின்று, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். "ச்சே, என்னா கோழி நாத்தம்! குளிக்கவே மாட்டாங்களா இவங்க? வாத்து, சீக்கிரம் இதை அள்ளி அந்தாண்ட போடுடா."

பையன்கள் சிரித்தார்கள். வாத்து சிரிக்கவில்லை. அம்மாவின் தோளிலிருந்த அவன் கை அப்படியே நின்றது.

அக்கா எழுந்திருக்காமலேயே குரலை உயர்த்தினாள். சந்து முழுக்கக் கேட்டது. "மண்டபத்துல உக்காந்து தொடை கடிச்சியே, அது நான் வெட்டினதுடா. அப்ப நாத்தம் தெரியலையா? உன் தட்டுலேர்ந்து எடுத்துப் பக்கத்துல ஒருத்தனுக்கு ஊட்டுனியே, இந்தப் பக்கத்து அண்ணன், அவன் இங்க நாலு வீடு தள்ளித்தானே இருக்கான்? கிழிக்கச் சொன்னவன் அவன். அவனைப் போய் வெட்டேன். உன் வெள்ளைச் சட்டையோட போ. எங்க புள்ளைங்கள எதுக்குடா அனுப்பற?"

பையன்களில் ஒருவன் ஷோக்கின் முகத்தைப் பார்த்தான். இன்னொருவன் தரையைப் பார்த்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவள், "ஆமா, லாரி ஷெட்டுல தினமும் ஒண்ணாத்தானே உக்காந்திருக்காங்க" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொல்லிவிட்டாள்.

"பைத்தியம்" என்றான் ஷோக்கு. "வாத்து, இப்ப முடிக்கிறியா, இல்லையா? கடைசியா கேக்கறேன்."

வாத்து நின்ற இடத்திலேயே நின்றான். இடுப்பில் சட்டை விலகிய இடத்தில் கத்திப் பிடியின் சிவப்பு டேப் தெரிந்தது.

"குடுடா. நாளைக்கி வேலைக்கு வேணும்" என்றாள் அக்கா.

அவன் கொடுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. அவளே கையை நீட்டி உருவிக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை.

ஷோக்கு காறித் துப்பிவிட்டுத் திரும்பினான். பைக்குகள் கிளம்பின. வாத்து நொண்டிக்கொண்டே பின்னால் ரெண்டு எட்டு போனான். ஒருவனும் நிறுத்தவில்லை. அவன் உட்கார்ந்து வந்த இடம் காலியாகவே போனது. சந்தின் நடுவில், ரத்தம் செருப்பில் இறங்க, எங்கே போவதென்று தெரியாமல் நின்றான். பஞ்சர்க்காரன் போய் அவனைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டான். மறுபடி தொட்டான். மறுபடியும் தட்டிவிட்டான். மூன்றாவது தடவை தட்டிவிடத் தெம்பில்லை. சாய்ந்துகொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றான் பஞ்சர்க்காரன். "ஆனா அவனுங்க திரும்ப வருவானுங்க. இன்னிக்கோட முடியாது."

"தெரியும்" என்றாள் அக்கா.

வாத்து அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. வெறுப்புதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். உயிரோடு இருக்கிறவன்தானே வெறுப்பான்.

பேக்கரிக்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். உள்ளே குருவி சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போயிருந்தான். அது வாசற்படி வரைக்கும் வழிந்து வந்திருந்தது. அக்கா சேலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடு" என்றாள்.

அவனே எழுந்து வந்து கொடுத்தான். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல் குடித்தாள். வயிற்றுக்குள் போனது மேலே வரப் பார்த்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க எங்க குலசாமி" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"அதெல்லாம் பேசாத. உன் புள்ள மூஞ்சியப் பாத்தா எனக்கு இப்பவும் குமட்டுதுதான்." அக்கா கத்தியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். "நாளைக்கி கடை முடிய மத்தியானம் ஆகும். முடிஞ்சதும் வந்துடறேன். அதுவரைக்கும் நீ உக்காந்துக்க."